டூ-டி ஒயில் வாங்கும்போது நிறத்தை விடுங்கள், இரண்டு எழுத்தைப் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, எந்த டவுன் ஹார்ட்வெயார் கடையிலும் புல்வெட்டும் மெஷினுக்குப் பெற்றோலில் கலக்கும் டூ-டி, அதாவது டூ-ஸ்ட்ரோக் ஒயில் கேட்டுப் பாருங்கள். "பச்சையா, சிவப்பா?" என்பார்கள். இல்லாவிட்டால் "விலை கூடினதா, குறைஞ்சதா?" என்பார்கள். இரண்டு கேள்வியாலும் பிரயோசனமில்லை. நிறம் வெறும் சாயம். கலந்த பெற்றோலையும் கலக்காத பெற்றோலையும் கண்ணால் பிரித்தறியப் போட்டது. போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஜாஸோ என்று போட்ட கட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்: எஃப்.பி, எஃப்.சி அல்லது எஃப்.டி. காசு கொடுப்பது அந்த இரண்டு எழுத்துக்குத்தான்.

ஜாஸோ என்பது ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பு. அதன் எம்-345 என்ற தரம் டூ-டி ஒயில்களை ஒரு மாதிரி ஒயிலோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுகிறது. மாதிரிக்கு 100 புள்ளி, கூடினால் நல்லது. மசகுத் திறனில் மூன்று வகுப்பும் எடுக்க வேண்டிய குறைந்த புள்ளி ஒன்றே, 95. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்கும் திறனில் எஃப்.பிக்கு 85 போதும், எஃப்.சிக்கு 95, எஃப்.டிக்கு 125. புகையில் எஃப்.பிக்கு 45, மற்ற இரண்டுக்கும் 85. சைலன்சர் அடைபடாமல் பார்ப்பதில் எஃப்.பிக்கு 45, மற்ற இரண்டுக்கும் 90.

ஆகவே "மலிவு ஒயில் ஊத்தினா பிஸ்டன் பிடிச்சிரும்" என்று கராஜில் சொல்வது பாதி உண்மைதான். சரியான அளவில் கலந்த எஃப்.பி ஒயில் பிஸ்டனைப் பிடிக்க வைக்காது. அது செய்வது வேறு: மெஷினின் மூச்சை மெதுவாக அடைக்கும்.

மலைநாட்டில் இது ஏன் பெரிய விஷயம்? நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரம். அங்கே ஒரு லீற்றர் காற்றின் எடை கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் கீழ்நாட்டுக்கு செட் பண்ணி வந்தது. அது வழமை போலப் பெற்றோலை விடுகிறது, எரிக்கக் காற்றுப் போதாது. எரியாத மிச்சம் பிஸ்டன் தலையிலும் புகை வாசலிலும் சைலன்சரிலும் கரியாகப் படிகிறது. விடியற்காலைக் குளிரில் மெஷினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும் பழக்கமும் சேர்ந்தால், கீழ்நாட்டைவிட இங்கே கரி சீக்கிரமாகப் படிந்துவிடும். சுத்தம் செய்யும் திறன் கூடிய ஒயில் மேலே வர வரத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடையில் நடப்பதோ தலைகீழ்.

இனி அலுமாரியில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் லேபல் இல்லாத உதிரி ஒயில். டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ ஓடிய காலத்தில் பெற்றோல் செட்டில் கைப்பம்பால் ஒரு அடி, இரண்டு அடி என்று விட்ட ஒயிலின் வாரிசு இது. இப்போது பீப்பாயிலிருந்து பழைய தண்ணீர்ப் போத்தலுக்கு இறக்கி விற்கிறார்கள். என்ன வகுப்பு, எப்போது திறந்த பீப்பா, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறதா, எதற்கும் பதில் கிடையாது. ஓசியில் கொடுத்தாலும் கேற்றில் கொண்டிக்குப் பூசுங்கள், மெஷினுக்கு வேண்டாம்.

எஃப்.பி போத்தல்தான் அதிகம் விற்பது. பெரும்பாலும் கனிய ஒயில், தடித்தது, புகை கக்கும். ஹஸ்க்வர்னா தன் கைநூல்களில் வேறு கம்பனி எஃப்.பி ஒயில் போடுவதானால் 33க்கு 1 கலக்கச் சொல்கிறது, அதாவது லீற்றருக்கு 30 மில்லிலீற்றர். மாதத்தில் இரண்டு தரம் வீட்டு முற்றத்துப் புல்லை வெட்டுபவருக்கு இது போதும். நாள் முழுக்கத் தோளில் மெஷின் மாட்டி மானாப்புல்லில் நிற்பவருக்குப் போதாது. சரிவில் ஆள் நிற்கும் இடத்தைவிட சைலன்சர் அரை அடிதான் தள்ளி. மிஸ்ட் இறங்கிய நேரத்தில் புகை கலையாது, மேற்கொண்டு எழும்பாது. அவ்வளவும் வெட்டுகிறவரின் மூக்குக்குத்தான். 45க்கும் 85க்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில் விளங்கும்.

எஃப்.சி நடுத்தரம். இதில் தடித்த கனிய ஒயிலின் ஒரு பகுதிக்குப் பதிலாக பொலிஐசோபியூட்டீன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது சூட்டில் கரியாகாமல் உடைந்து எரிந்துபோகும், புகை குறைவதன் இரகசியம் அதுதான். கூடவே முன்கூட்டியே ஐதாக்கியிருப்பதால் குளிர் காலையிலும் பெற்றோலில் சட்டென்று கரையும். கவாசாகி டி.ஜே. வரிசை எஞ்சின் பூட்டிய புல்வெட்டிகளுக்கும் கவ்வாத்து மெஷின்களுக்கும் 50க்கு 1 என்ற கணக்கில் எஃப்.சி அல்லது எஃப்.டி என்றுதான் கம்பனி சொல்கிறது. எக்கோவும் அப்படியே. நல்ல எஃப்.சி கிடைத்தால் மனம் நோகாமல் வாங்கலாம்.

எங்கள் தெரிவு எஃப்.டி. போத்தலில் எஃப்.டி இல்லாமல் ஐ.எஸ்.ஓ எல்-ஈ.ஜி.டி என்று இருந்தாலும் தரம் ஒன்றுதான். இதற்கு செமி சிந்தெடிக்கே போதும், முழு சிந்தெடிக் என்ற தங்க எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. மோட்டுல் 710 போன்ற முழு சிந்தெடிக் எஃப்.டி நல்ல ஒயில்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புல்வெட்டியின் 8,000, 9,000 சுழற்சிக்கு அதே வகுப்பில் உள்ள செமி சிந்தெடிக் செய்யும் வேலையைவிட அது பெரிதாக எதையும் செய்துவிடாது. டர்பன்டைன் மரம் அறுக்கும் பெரிய செயின்சோவுக்கு, அதுவும் தொழிலாகவே அறுப்பவருக்கு, அந்தச் செலவு நியாயம். ரேசிங் என்று போட்ட ஒயில்கள் வேறு சாதி. அவை முழு வேகத்தில் சூடேறி ஓடும் எஞ்சினுக்கு ஆனவை. அரை வேகத்தில் ஓடும் மருந்தடிக்கும் மெஷினில் ஊற்றினால் சரியாக எரியாமல் சைலன்சர் வாயில் கறுப்பாக வழியும்.

மெஷின் கம்பனியின் சொந்தச் சின்னப் போத்தலையும் சொல்ல வேண்டும். ஸ்டில் கம்பனி 100 மில்லிலீற்றர் போத்தல் விற்கிறது. ஒரு போத்தலுக்கு 5 லீற்றர் பெற்றோல், 50க்கு 1. அளக்கவே தேவையில்லை. லீற்றர் கணக்கில் பார்த்தால் விலை கூடத்தான். ஆனால் ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கும், வேலையாளிடம் கலக்கக் கொடுப்பவருக்கும் இதைவிடப் பாதுகாப்பான ஒயில் கிடையாது; பிழை விட இடமே இல்லை. அதே கம்பனி வேறு ஒயில் போட்டால் 25க்கு 1 கலக்கச் சொல்வதைப் பார்த்துச் சிலர் "தங்கட ஒயிலை விற்கிற தந்திரம்" என்பார்கள். முழுக்க அப்படியல்ல. நீங்கள் வாங்கும் ஒயில் எஃப்.பியா, அதைவிடக் கீழா என்று கம்பனிக்குத் தெரியாது; மிக மோசமான ஒயிலை மனதில் வைத்து எழுதிய கணக்கு அது.

இனி வாங்கவே கூடாத இரண்டு. ஒன்று, டி.சி-டபிள்யூ 3 என்று போட்ட ஒயில். நீர்கொழும்பு, மட்டக்களப்புப் பக்கமிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுப்பார்கள். படகு எஞ்சினுக்குப் போடும் அருமையான ஒயில். படகு எஞ்சினைத் தண்ணீர் குளிராக்கும், பிஸ்டன் அவ்வளவு கொதிக்காது. புல்வெட்டியைக் காற்று மட்டும் குளிராக்குகிறது. அந்தச் சூட்டில் இந்த ஒயில் ரிங் தவாளிப்பில் பிசினாக இறுகும், ரிங் ஒட்டிக்கொள்ளும், கயிறு இழுத்தால் கொம்ப்ரஷனே இருக்காது. மற்றது, மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி மிஞ்சிய 20-டபிள்யூ-50 எஞ்சின் ஒயில். அதில் கல்சியம், சிங்க் சேர்ந்த மருந்துகள் உண்டு. ஒயில் எரியாத எஞ்சினுக்கு அவை நல்லது, எரித்தால் சாம்பல். சாம்பல் பிளக்கின் இடைவெளியில் பாலம் கட்டும், பொறி வராது. அதைவிட மோசம், சாம்பல் தணலாக நின்று பெற்றோலை நேரத்துக்கு முந்திப் பற்றவைக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது அப்படித்தான். செயின்சோ பாருக்குச் சிலர் எரிந்த ஒயில் விடுகிறார்கள். அது நல்ல பழக்கமில்லை என்றாலும் மெஷின் சாகாது. அந்த கேன் பெற்றோல் கேனுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் ஆபத்து.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஹொண்டா ஜி.எக்ஸ் 25, ஜி.எக்ஸ் 35 பூட்டிய புல்வெட்டிகள் ஃபோர்-ஸ்ட்ரோக். தோளில் மாட்டினால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். இவற்றுக்குப் பெற்றோலில் ஒயில் கலக்கவே கூடாது. தனி அறையில் 10-டபிள்யூ-30 ஒயில், ஜி.எக்ஸ் 25க்கு 80 மில்லிலீற்றர், ஜி.எக்ஸ் 35க்கு 100 மில்லிலீற்றர். புல்வெட்டியில் ஒயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக்.

அளவுக்கு வருவோம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர், 40க்கு 1 என்றால் 25, 33க்கு 1 என்றால் 30, 25க்கு 1 என்றால் 40. இந்த நாலு எண்ணையும் கேனில் பெயின்டால் எழுதிவிடுங்கள். பிராண்ட் மெஷின்களில் பெரும்பாலானவை 50. சீன மெஷின்களின் தாங்கியில் 25:1 என்று அடித்திருக்கும், புதிதாக வருபவற்றில் சில 40. பொதுவாகக் கைநூல் சொன்னதைவிட ஒயிலைக் குறைக்க வேண்டாம், ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. 25:1 என்று அடித்த சீன மெஷினுக்கு முதல் பத்து மணித்தியால ஓட்டம்வரை லீற்றருக்கு 40 போட்டு ஓடவிட்டு, அதற்குப் பிறகு எஃப்.டி ஒயிலில் 30க்கு இறங்கலாம் என்பது எங்கள் கணிப்பு. வொரண்டி இருக்கும் வரை கைநூல்தான் சட்டம்.

மூன்று நாலு சாதி மெஷின் உள்ள இடத்தில் இரண்டு கேன் வைத்தால் ஒரு நாள் கட்டாயம் மாறும். ஒரே கேன், எஃப்.டி, லீற்றருக்கு 30 மில்லிலீற்றர். 50க்கு ஓடும் மெஷினுக்கு இது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எஃப்.டி என்றால் அந்தக் கூடுதலைத் தாங்கும். எஃப்.பியில் இதைச் செய்தால் 50 மெஷினின் சைலன்சர் அடைபடும். ஒரு கேன் முறைக்கு எஃப்.டி கட்டாயம் என்பதன் காரணம் இதுதான்.

"எஃப்.டி விலை கட்டுபடியாகாது" என்பவர்களுக்குக் கணக்கு இதோ. 25:1 மெஷினுக்கு எஃப்.பியை லீற்றருக்கு 40 ஊற்றினால் ஒரு லீற்றர் போத்தல் 25 லீற்றர் பெற்றோலுக்கு வரும். எஃப்.டியை லீற்றருக்கு 30 ஊற்றினால் 33 லீற்றருக்கு வரும். அதாவது எஃப்.டி போத்தல் மூன்றில் ஒரு பங்கு விலை கூடினாலும் செலவு அதே. இரண்டு மடங்கே விலை என்றாலும், வித்தியாசக் காசு ஒரு சைலன்சர் கழற்றிப் பூட்டும் கூலிக்குக் காணாது.

போத்தலைத் திறக்கும்போது மூடிக்குக் கீழே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா, பட்ச் நம்பர் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாள் கிழிந்திருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கலப்பதில்தான் பாதி மெஷின் கெடுகிறது. பிழை பெற்றோல் செட்டிலேயே தொடங்கும்: "ஆயிரம் ரூபாய்க்கு அடிங்க" என்றால் கேனில் எத்தனை லீற்றர் என்று யாருக்கும் தெரியாது, வீட்டுக்கு வந்து "ஒரு நாலு லீற்றர் இருக்கும்" என்று கணக்குப் போடுவோம். லீற்றர் சொல்லி வாங்குங்கள். ஐந்து லீற்றர் என்றால் ஐந்து. கேனை ஆட்டோ சீற்றில் வைத்து அடிக்கவிடாமல் நிலத்தில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள், நிலைமின்சாரப் பொறி அப்போதுதான் வராது. அளக்க போத்தல் மூடியை நம்ப வேண்டாம், மூடிக்கு மூடி அளவு வேறு. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 50 மில்லிலீற்றர் சிரிஞ்ச் விற்கும். அதை ஒயில் உறிஞ்ச மட்டும் பாவியுங்கள். பெற்றோல் பட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் ஊதி, தண்டு அசையாது.

ஐந்து லீற்றருக்குச் செய்முறை இப்படி. கேனில் இரண்டு லீற்றர் அளவு பெற்றோல் இருக்கும்போதே ஒயில் முழுவதையும் விடுங்கள். மூடியை இறுக்கிக் கேனைப் படுக்கவைத்து இருபது தரம் உருட்டுங்கள், கையில் தூக்கிக் குலுக்குவதைவிட இது நன்றாகக் கலக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஆவியை விட்டு, மிச்சப் பெற்றோலையும் ஊற்றி மறுபடி உருட்டுங்கள். ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் கனிய ஒயில் பாகு மாதிரி இருக்கும். போத்தலை வெயிலில் அரை மணித்தியாலம் வைத்த பிறகு கலக்கவும். அடுப்படியில் வைத்துச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். மெஷின் தாங்கிக்குள் நேராக ஒயிலை ஊற்றி அங்கேயே கலப்பவர்கள் உண்டு. ஒயில் அடியில் இறங்கி பில்டருக்குள் போகும். முதலில் மெஷின் புகைத்து நிற்கும், பிறகு ஒயில் இல்லாத பெற்றோலில் ஓடும். எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை இது. கலந்த கேனையும் ஒவ்வொரு தரம் தாங்கிக்கு ஊற்றுமுன் உருட்டுங்கள்.

தண்ணீர்ப் போத்தலில், சோடாப் போத்தலில் கலந்த பெற்றோலை வைக்க வேண்டாம். லயத்துக் காம்பிராவில் பிள்ளைகளின் கைக்கு எட்டும். நிறமான கலவை பார்வைக்கு சர்பத் மாதிரியே இருக்கும்.

பெற்றோல் எது? ஒக்டேன் 92 போதும். இந்த மெஷின்களின் கைநூல்கள் பெரும்பாலும் 90க்கு மேல் எதையும் ஏற்கும், அதோடு உயரம் கூடக் கூட எஞ்சினின் ஒக்டேன் தேவை குறையும். நுவரெலியாவில் புல்வெட்டிக்கு 95 அடிப்பது காசைப் புகையாக்குவது. 92, 95 என்ற எண்ணைவிடப் பெற்றோல் புதிதா, சுத்தமா என்பதுதான் கேள்வி. 2022இல் நாட்கணக்கில் கியூவில் நின்று வாங்கியதைக் கேனில் சேர்த்து வைத்த பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. கலந்த பெற்றோலுக்கு ஒரு மாதம்தான் ஆயுள். அதற்குப் பிறகு இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பசையாகி, காபரேட்டரின் ஊசித் துளையை மூடும்.

மண்ணெண்ணெய் கலந்திருக்குமோ என்று சந்தேகமா? வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டு நிழலில் வையுங்கள். ஒயில் கலக்காத நல்ல பெற்றோல் கறை இல்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும். தண்ணீர் இங்கே அதைவிடப் பெரிய தொல்லை. பாதி வெறுமையான கேன் இரவுக் குளிரில் ஈரக் காற்றை உள்ளிழுத்து, சுவரில் முத்து முத்தாக வியர்த்து, அடியில் தண்ணீர் சேர்க்கும். சந்தேகமென்றால் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிக் குமிழாக நிற்கும். தாங்கிக்கு ஊற்றும்போது நுண்வலை வைத்த புனல் கட்டாயம், கேனின் கடைசி அரைக் கோப்பையை ஊற்றவே வேண்டாம்.

ஒயில் சரியா என்பதை மெஷினே காட்டும், இரண்டு இடத்தைத் திறந்தால் போதும். பத்து மணித்தியாலம் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் மூக்கு பிஸ்கட் நிறமாக இருந்தால் கைவைக்க வேண்டாம். ஈரக் கறுப்பாக இருந்தால் ஒயில் கூட, அல்லது காபரேட்டர் பெற்றோலை அதிகம் விடுகிறது. மலைநாட்டில் பத்துக்கு எட்டு இரண்டாவதுதான், ஒயிலைக் குறைக்கப் போகாதீர்கள். வெள்ளையாக வெளிறியிருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள், எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெற்றோல் போதாது. பிளக் இடைவெளி பெரும்பாலான செயின்சோக்களுக்கு 0.5 மில்லிமீற்றர்.

அடுத்தது சைலன்சருக்குள் இருக்கும் தீப்பொறி வலை. கட்டைவிரல் நகம் அளவு கம்பி வலை, ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ. "மெஷின் ஐடில் நிற்குது, ரேஸ் எடுக்குதில்ல" என்று கராஜுக்கு வருவதில் பாதிக்கு வைத்தியம் இந்த வலையில்தான். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்: எஃப்.பி ஓடிய வலையில் கண்கள் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கறுத்து மூடிக்கொண்டு வரும், விரலால் தடவினால் மெழுகுப் பிசின் ஒட்டும். எஃப்.டியில் உலர்ந்த சாம்பல் தூள்தான், பித்தளைப் பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். பிசின் வலையை மெஷினிலிருந்து கழற்றி, பெற்றோல் இல்லாத இடத்தில் குறடால் பிடித்து நெருப்பில் சிவக்கக் காட்டினால் கரி எரிந்துபோகும். சைலன்சரைக் கழற்றியிருக்கும்போதே புகை வாசலையும் பாருங்கள். கரி இருந்தால் கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டன் வாசலை மூடும் இடத்தில் நிறுத்தி, மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பட்டால் பிஸ்டனில் கீறல், அந்தக் கீறலில் ரிங் தொடங்கிச் சாகும்.

பிஸ்டன் பிடித்தேவிட்டால், கழற்றுபவர் "ஒயில் காணாது" என்று ஒரு சொல்லில் முடிக்க விடாதீர்கள். பிஸ்டனைக் கையில் வாங்கிப் பாருங்கள். சுற்றிவர நாலு பக்கமும் கீறியிருந்தால் ஒயில் இல்லாத பெற்றோல் போயிருக்கிறது. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் ஒயிலில் குற்றமில்லை. பெற்றோல் போதாமல் சூடேறியிருக்கிறது. இன்லெட் ரப்பர் வெடித்திருக்கும், பில்டர் அடைத்திருக்கும், அல்லது காபரேட்டரை யாரோ இறுக்கியிருப்பார்கள்.

அந்த இறுக்கும் கதையையும் சொல்ல வேண்டும், ஒயிலின் மேல் விழும் பழிகளில் பெரியது அது. மேலே மெஷின் கறுப்பாகப் புகைத்து இழுவை இல்லாமல் நிற்கும்போது கராஜ் பாஸ், முழு ரேஸில் போகும் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் காபரேட்டர் ஹெச் ஸ்க்ரூவை வலப்பக்கம் அரைக்கால் சுற்று திருப்புவார். சரியான வைத்தியம்தான், கூடுதல் பெற்றோல் நிற்கும், சத்தம் தெளியும். அதே மெஷினை அடுத்த கிழமை மரம் அறுக்க பதுளைக்கோ கம்பளைக்கோ இறக்குகிறோம். ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியாகிவிட்டது, காற்று அடர்த்தி கூடிவிட்டது, பெற்றோலோ குறைத்தபடி. மெஷின் என்றுமில்லாத உற்சாகத்தில் கீச்சென்று கத்தும், எல்லோருக்கும் சந்தோஷம், அரை மணித்தியாலத்தில் பிடிக்கும். லீற்றருக்கு 40 ஒயில் ஊற்றியிருந்தாலும் பிடிக்கும். இன்னொன்று, ஒயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைகிறது. "சூடாகுது, ஒயில் கொஞ்சம் கூட்டுவோம்" என்பது இந்த நேரத்தில் எரிகிற வீட்டில் கொள்ளிக்கட்டை வைப்பது. ஸ்க்ரூவைத் திருப்பிய நாளில் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று ஏர் பில்டர் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். இறக்கும்போது அதே அளவு இடப்பக்கம். சுமையில்லாமல் முழு ரேஸில் மெஷின் கொஞ்சம் கரகரத்து, பிளேட் புல்லில் இறங்கியதும் சத்தம் தெளிந்தால் அளவு சரி. சுமையில்லாமலே சுத்தமாகக் கத்தினால் பெற்றோல் காணாது. எம்-ட்ரொனிக், ஓட்டோடியூன் உள்ள செயின்சோக்கள் இந்த வேலையைத் தாங்களே செய்துகொள்ளும். அவற்றில் திருப்ப ஸ்க்ரூவும் இல்லை.

தென்மேல் பருவ மழைக்கு மெஷினை மூலையில் வைக்குமுன் தாங்கியை முழுவதும் வடித்து, பிறகு ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிரைமர் குமிழை ஐந்தாறு தரம் அமத்தி, இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், கொஞ்சம் ஓடி நிற்கும். பிளக்கைக் கழற்றி அரைத் தேக்கரண்டி டூ-டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக மூன்று தரம் இழுத்து, பிளக்கைப் பூட்டி வையுங்கள். வடித்த கலவையை வீணாக்க வேண்டாம். மாதம் ஆகாததென்றால் அடுத்த வீட்டு மெஷினுக்குக் கொடுக்கலாம், லீற்றருக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று சொல்லிக் கொடுங்கள்.